சினைக்குதிரை வாங்கிய தம்பிக்கு

வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவரிடமிருந்து, ஒன்பது மாதச் சினையில் ஒரு மார்வாரிக் குதிரை வாங்கியிருக்கிறாராம். "பிறந்ததிலிருந்தே நம்ம கையில வளர்ந்தா நாய்க்குட்டி மாதிரி பழகும்ங்காங்க, உண்மையா? நம்ம ஊர் வெயிலுக்குக் குட்டி தேறுமா? இதுல காசு பாக்க முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. குதிரை சுமக்கிற காலம் பதினொரு மாதம். குட்டி விழுந்தபின் அதன் முதுகில் ஆள் ஏற மூன்று வருஷமாவது ஆக வேண்டும். ஆக, இணை சேர்த்த நாளிலிருந்து நான்கு வருஷம் வரவே கிடையாது, செலவுதான். அந்த நான்கு வருஷத் தீவனக் கூலியைக் கூட்டினால் வளர்ந்த குதிரையே ஒன்று வாங்கலாம், மிச்சமும் இருக்கும். இது தெரிந்தும் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் தாத்தா திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் ஜட்கா குதிரைவண்டி ஓட்டியவர். நான் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவன். இருபது வருஷத்தில் என் லாயத்தில் ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்றைப் புதைத்தேன். ஒன்றை நானே கெடுத்து விற்றேன். மற்ற நான்கும் நன்றாக வந்தன. சொல்வதற்கு என்னிடம் அதிகம் இருப்பது முதல் இரண்டைப் பற்றித்தான்.

வெயிலுக்குத் தேறுமா என்ற கேள்வி இந்த மண்ணில் எழுநூறு வருஷப் பழசு. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே, பழையகாயலில், பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1290களில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரை வளர்வதே இல்லை, நல்ல பெட்டையை நல்ல பொலிகுதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று எழுதிவைத்துப் போனார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும் அவரே சொல்கிறார். எனக்கென்னவோ கால் கோணியதற்குக் காரணம் நம் வெயில் இல்லை, அந்தச் சோற்றுப்பானைதான் என்று படுகிறது. தீவனத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன். வெயில் குட்டியைக் கொல்லாது. நிழலும், நாள் முழுக்கத் தண்ணீரும், ஒரு கட்டி உப்பும் இருந்தால் போதும். அக்கினி நட்சத்திரத்திலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் பிறக்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாசியில் சேர்த்தால் தையில் விழும், அதுதான் என் வழக்கம். உங்கள் குதிரை ஏற்கெனவே ஒன்பது மாதம் என்பதால் அந்தப் பேச்சு அடுத்த சினைக்குத்தான்.

இணை சேர்ந்த தேதியை விற்றவரிடம் வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து 340 நாள் எண்ணுங்கள். பத்துப் பதினைந்து நாள் முன்னே பின்னே ஆகும். பசு மாதிரி நாள் சொல்லி ஈனாது. எண்ணி வந்த தேதிக்கு நாலைந்து வாரம் முன்னால் தாய்க்கு டெட்டனஸ் (ரணஜன்னி) தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குதிரைக்கு ரணஜன்னி எளிதில் பிடிக்கும். லாயத்து மண்ணிலும் லத்தியிலும் அந்தக் கிருமி எப்போதும் இருக்கும். தாய்க்கு ஊசி போட்டால் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். இந்த 'சீம்பால் வழியாக' என்ற இரண்டு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் புதைத்த குட்டியின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

குதிரை டாக்டர் விஷயம். மாடும் ஆடும் பார்க்க நம் பக்கம் ஆள் உண்டு, குதிரை பார்த்துப் பழகியவர் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்குத் தேடக் கூடாது. இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டி விழுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒருநாள் போய்ப் பேசி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குதிரையை ஏற்றிப்போக ஒரு வண்டிக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

இனி அந்த ராத்திரி.

ராத்திரி என்றுதான் சொல்ல முடியும். பெரும்பாலான குதிரைகள் ஊர் அடங்கிய பிறகுதான் ஈனும். நீங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் தள்ளிப்போடும், டீ குடிக்கப் போன நேரத்தில் போட்டுவிடும். இது கேலி இல்லை, உண்மையாகவே அதற்கு அந்தத் தெம்பு உண்டு. இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே மடி இறங்கும். வாலடித் தசை ஊறவைத்த அவல் மாதிரி கொளகொளவென்று ஆகும். கடைசி இரண்டொரு நாளில் காம்பு நுனியில் மெழுகுத்துளி போல மஞ்சளாக ஒன்று ஒட்டி நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் கட்டிலை லாயத்துப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

பனிக்குடம் உடைந்தால் இருபது, முப்பது நிமிடம். அதற்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். பசுவுக்குக் காத்திருக்கிற மாதிரி இங்கே காத்திருக்க முடியாது. முதலில் வெளுத்த நீலச் சவ்வு தெரியும். அதற்குள் ஒரு முன்னங்கால், சாண் அளவு பின்னால் இன்னொரு முன்னங்கால், அதன்மேல் படிந்தாற்போல் மூக்கு. இந்த வரிசை சரியாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். வெள்ளைச் சவ்வுக்குப் பதில் சிவப்பு வெல்வெட் துணி மாதிரி ஒன்று பிதுங்கினால் யோசிக்கவே கூடாது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, முன்னாலேயே கழன்றுவிட்டது, குட்டிக்கு உள்ளே மூச்சு இல்லை என்று அர்த்தம். அந்த நிமிடமே கத்தரியால் சவ்வைக் கிழித்து, உள்ளே இருக்கும் குட்டியின் காலைப் பிடித்து, தாய் முக்கும்போது கூடவே இழுக்க வேண்டும். டாக்டர் வரட்டும் என்று நின்றால் டாக்டர் வந்து பார்ப்பது செத்த குட்டியைத்தான். எனக்கு அது நேர்ந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கத்தரியை வேட்டி மடியில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

விழுந்த குட்டியை முதல்முறை பார்க்கிறவர்கள் கால் குளம்பைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். குளம்பின் அடியில் நுங்குச் சதை மாதிரி வெளுத்த, மெத்தென்ற விரல் விரலான ஏதோ தொங்கும். தாயின் கருப்பையைக் கீறிவிடாமலிருக்க இயற்கை போட்டு அனுப்பிய உறை அது. வெட்டிவிடுகிறேன் என்று கத்தியோடு வந்த மாமா ஒருவரை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். குட்டி நடக்க நடக்கத் தானாகத் தேய்ந்து விழும்.

தொப்புள்கொடியையும் வெட்டாதீர்கள். தாய் எழும்போதோ குட்டி உதறும்போதோ தானே அறும். அறுந்த நுனியை டாக்டர் சொன்ன நீர்த்த மருந்தில் முக்குங்கள். அன்றைக்கு மூன்று நான்கு முறை, மறுநாளும் அப்படியே. மஞ்சள் பூசுவது, சாம்பல் அப்புவது எதுவும் வேண்டாம்.

அடுத்து வருவதற்காகத்தான் இவ்வளவு கஷ்டமும் என்று தோன்றும். குட்டி எழ முயலும். முன்னங்கால் இரண்டையும் கவட்டைபோல் விரித்து ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, மூக்கு மண்ணில் குத்த விழும். மறுபடி தூக்கும், இந்தத் தடவை பக்கவாட்டில் சாயும். எங்கள் பெட்டைக்குதிரை செம்பகத்தின் இரண்டாவது குட்டி ஏழு முறை விழுந்தது. எட்டாவது முறை நின்றது. நின்றதும் நான்கு காலும் நான்கு திசையில் நடுங்க, தான் என்ன செய்துவிட்டோம் என்று தனக்கே தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்தது. மூக்கைச் சுற்றிச் சுருள் சுருளாக மீசை. தாய் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தாள். அவளிடம் அதற்குமுன் நான் கேட்டதே இல்லாத சத்தம். கனைப்பும் இல்லை, முனகலும் இல்லை. என் மனைவி லாயத்து வாசலில் நின்று, "இவ நம்மகூடல்லாம் இப்படிப் பேசுனதே இல்லையே" என்றாள். அந்த நேரத்தில் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கக் கை துடிக்கும். பிடிக்கக் கூடாது. விழுந்து எழுவதில்தான் காலுக்குப் பலம் ஏறுகிறது, நாம் பிடித்தால் அது நம்மேல் சாயக் கற்றுக்கொள்ளும்.

கையைத்தான் கட்டச் சொல்கிறேன், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி நிற்க வேண்டும். இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சு விழ வேண்டும். எது தவறினாலும் போனை எடுங்கள். பசுவுக்கு நஞ்சு நின்றால் விடியட்டும் என்று விடுகிறோம். குதிரைக்கு நஞ்சு உள்ளே தங்கினால் விஷம் ரத்தத்தில் ஏறி, குளம்புக்குள் வீக்கம் வந்து, தாயே படுத்துவிடும். விழுந்த நஞ்சைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு, கட்டுங்கள், நானும் கட்டுகிறேன். ஆனால் கட்டுமுன் தரையில் விரித்துப் பாருங்கள். கால்சட்டையை விரித்துப்போட்டது போல இரண்டு கால் இருக்கும். இரண்டு காலின் நுனியும் கிழியாமல் முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுனி இல்லையென்றால் அந்தத் துண்டு உள்ளே இருக்கிறது. டாக்டர் வரும்வரை நஞ்சை ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: நஞ்சு விழுந்த பிறகுதான் கன்றைப் பால் குடிக்க விட வேண்டும் என்று. கன்றுக்கே தப்பு அது. குதிரைக்குட்டிக்கு அதைச் செய்தால் கொலை. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சத்து வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வருகிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அதை விடாது. குட்டி வெறும் கையோடு பிறக்கிறது. சீம்பாலில் இருப்பது மட்டும்தான் அதற்குக் கவசம். அதுவும் முதல் ஆறேழு மணி நேரத்தில்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரம் ஆனால் கதவு சாத்திவிடும். பிறகு எத்தனை குடம் பால் குடித்தாலும் பசிதான் அடங்கும், கவசம் கிடைக்காது.

இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. செம்பகத்தின் முதல் சினை. ஈனுவதற்கு இரண்டு நாள் முன்பே காம்பிலிருந்து பால் சொட்ட ஆரம்பித்தது. தொடையெல்லாம் வழிந்து, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி சிக்கலே இல்லாமல் ஆண் குட்டி. முக்கால் மணி நேரத்தில் நின்றது, குடித்தது, விடியும்போது தாயைச் சுற்றித் துள்ளியது. பிறந்த நான்காம் நாள் காலை வலது பின்னங்கால் முட்டி கொஞ்சம் தடித்திருந்தது. தாய் மிதித்திருப்பாள் என்று ஒத்தடம் கொடுத்தேன். சாயங்காலம் இன்னொரு முட்டி. உடம்பு கொதித்தது. டாக்டர் வந்து, தொப்புள் வழியாகவோ வாய் வழியாகவோ கிருமி ஏறி மூட்டுக்குள் இறங்கிவிட்டது என்றார். ஊசி போட்டார். ஏழாம் நாள் குட்டி போய்விட்டது.

மேலப்பாளையத்திலிருந்து தாத்தாவின் பழைய ஜட்காக் கூட்டாளி ஒருவர் துக்கம் கேட்க வந்தார். எண்பது தாண்டியவர். செம்பகத்தின் தொடையில் அப்போதும் அழியாமலிருந்த வெள்ளைக் கோட்டை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஏல, எத்தன நாளா வடிஞ்சிது?" என்றார். இரண்டு நாள், பாய், என்றேன். "வடியுதுன்னு ஊரைக் கூட்டிக் காட்டிருக்கியே... அது குட்டிக்குள்ளதுல்லா மண்ணுல போயிருக்கு. கறந்து வச்சிருக்கணும்டே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகவே தம்பி, முன்கூட்டியே சொட்டினால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். சுத்தமான பாத்திரத்தில் பிடித்து உறையவைத்து, குட்டி விழுந்ததும் வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்து இளக்கிப் புகட்டலாம். அடுப்பில் நேராகச் சுடவைத்தால் உள்ளிருக்கும் சத்து கெட்டுவிடும். குட்டிக்கு எதிர்ப்புச் சத்து ஏறியிருக்கிறதா என்று முதல் நாளில் ரத்தம் எடுத்துப் பார்க்க முடியும். குறைந்திருந்தால் வளர்ந்த குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றுவார்கள். அந்தக் குட்டிக்குப் பிறகு பிறந்த எதற்கும் நான் இந்தப் பரிசோதனையைத் தவறவிட்டதில்லை.

முதல் பத்து நாளில் பார்க்க வேண்டிய இன்னும் சில. குழந்தைக்குக் காட்டுப்பீ என்கிறோமே, அதே கறுத்த பிசின் குட்டிக்கும் முதல் நாளிலேயே போக வேண்டும். வாலைத் தூக்கி முக்கிக்கொண்டே நின்றால் அடைத்திருக்கிறது. ஆண் குட்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். ஏழெட்டு நாளில் லேசாகக் கழியும். அதே சமயத்தில் தாய்க்கும் மறுபடி பருவம் வரும் என்பதால் பால் சூடு என்பார்கள். குட்டி சுறுசுறுப்பாகக் குடித்தால் விட்டுவிடலாம், சோர்ந்தால் விடக் கூடாது. தாயின் லத்தியைக் குட்டி தின்னும். அருவருப்பாக இருக்கும், தடுக்காதீர்கள். அதன் குடலுக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது.

ஓர் அடையாளம் மட்டும் எந்த நோட்டிலும் எழுதாமலே மனதில் நிற்கட்டும். காலையில் போனதும் குட்டியின் நெற்றியைப் பாருங்கள். அங்கே பால் காய்ந்த கறை இருந்து, தாயின் மடி கல் மாதிரி விம்மியிருந்தால், குட்டி மடிக்கு அடியில் போய் நிற்கிறது, ஆனால் குடிக்கவில்லை. பால் தலையில் வழிகிறது. நல்ல குட்டி மணிக்கு ஏழெட்டு முறை வாய் வைக்கும். வைக்காத குட்டி நோயாளி. ஜுரம், வீக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

இப்போது சோற்றுப்பானை. கல்யாணக் குதிரைக்காரர்கள் பலர் கோதுமைத் தவிட்டை வாளி வாளியாக வைப்பார்கள். வயிறு நிரம்பும், ரோமம் மினுங்கும். ஆனால் தவிட்டில் பாஸ்பரஸ் மலைபோல், சுண்ணாம்புச் சத்து கடுகுபோல். வளர்கிற எலும்புக்குச் சுண்ணாம்பு கூடவும் பாஸ்பரஸ் குறையவும் இருக்க வேண்டும். தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். தாடை தடிக்கும், மூட்டு தடிக்கும், கால் கோணும். காயலில் சோறு தின்ற தாய்க்கும் இன்றைக்குத் தவிடு தின்கிற தாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் எண்ணம். அருகம்புல், உலர்ந்த புல், குதிரைமசால், இவைதான் அடிப்படை. பேரே குதிரைமசால், அதைப் போய் ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு வைக்கிறோம். காணம் (கொள்ளு) ஊறவைத்து வேகவைத்து அளவாக. அதோடு தாது உப்புக் கலவை. இளஞ்சோளப் பயிரில் மேய விடாதீர்கள், பின்னங்கால் தள்ளாடும், நீர்ப்பை கெடும்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. வள்ளியூருக்குக் கிழக்கே போகப் போக மணல்தான், திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு. தீவனத்தைத் தரையில் கொட்டினால் வாய்க்கு வாய் மணலும் போகும். அது குடலின் அடியில் மூட்டை கட்டி உட்கார்ந்து, ஒருநாள் வயிற்றுவலியில் குதிரையைப் புரட்டிப் போடும். தொட்டியில் வையுங்கள், தொட்டிக்கு அடியில் பழைய ரப்பர் பாய் விரியுங்கள். மாதம் ஒருமுறை நான்கைந்து லத்தி உருண்டையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்துப் பாருங்கள். அரைமணியில் அடியில் சிவப்பாக மணல் படிந்தால் உங்கள் குதிரை தேரியைத் தின்றுகொண்டிருக்கிறது.

பிறந்த குட்டியின் கால் கொஞ்சம் வளைந்திருந்தால் பதற வேண்டாம். நிறைய குட்டிகளுக்கு ஓரிரு வாரத்தில் தானே நேராகும். ஆகாவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம். கணுவுக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு மூன்று மாதத்துக்குள் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடும். அதற்குப் பிறகு திருத்துவது கஷ்டம். இரண்டாம் மாதத்திலேயே குளம்பு பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சுழி பார்க்க வருகிறவர்களும் வருவார்கள். இந்தச் சுழி ராஜயோகம், அந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அந்தியூர்ச் சந்தையில் சுழிக்கு விலை உண்டு என்பது உண்மைதான், விற்கும்போது அதன் அருமை தெரியும். வளர்க்கும்போது நான் பார்ப்பது முட்டியையும் குளம்பையும்தான்.

இனி நாய்க்குட்டிக் கேள்வி. நான் கெடுத்த குட்டியின் கதை இதுதான்.

மூன்றாவதாகப் பிறந்த ஆண் குட்டி. முதல் குட்டியைப் பறிகொடுத்த பயத்தில் இதன்மேல் அளவுக்கு மீறிப் பாசம். வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே லாயத்துக்குத்தான் வரும். ஒரு மாதக் குட்டி பின்னங்காலில் நின்று முன்னங்கால் இரண்டையும் என் தோளில் போடும். நான் அதன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவேன், அது என்னைத் தள்ளும். மல்யுத்தம். பார்க்கிறவர்களெல்லாம் சிரிப்பார்கள், போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். சட்டைப்பையில் வெல்லம் வைத்திருப்பேன், மூக்கால் நோண்டி எடுக்கும். கொஞ்சம் கடிக்கும். அதற்கும் சிரிப்பு.

தன் வயதுக் குட்டியோடு விளையாடுவதாகத்தான் அது நினைத்தது. ஆண் குட்டிகள் ஒன்றோடொன்று அப்படித்தான் விளையாடும், ஏறும், கடிக்கும், உதைக்கும். என்னையும் ஒரு குட்டி என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. தாய்க்கு முன்னால் அது இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பெரிய குதிரை ஏதாவது பக்கத்தில் வந்தால் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடி, பல்லைத் தட்டிக் காட்டும். 'நான் சின்னப்பையன், அடிச்சுராதீங்க' என்கிற பாஷை அது. என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை. அதன் கண்ணில் நான் பெரியவனே இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்றரை வயதில் இருநூறு கிலோவுக்கு மேல் இருந்தது. ஆடி மாதம், காற்று பேயாய் அடிக்கிற சாயங்காலம். தண்ணீர் வாளியோடு உள்ளே போனேன், முதுகைக் காட்டிக் குனிந்தேன். அதே விளையாட்டு. பின்னாலிருந்து இரண்டு காலும் என் தோளில். காறை எலும்பு முறிந்தது. கீழே கிடந்த என்னை அது குனிந்து மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது, ஏன் எழுந்து திருப்பித் தள்ளவில்லை என்று. கோபம் கொஞ்சமும் இல்லை அதற்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு காயடித்து, வேறு ஆள் வைத்துப் பழக்கிப் பார்த்தேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், என்னால் பயமில்லாமல் கிட்டப் போக முடியவில்லை, பயத்தோடு போகிறவனைக் குதிரை மதிக்காது. ரேக்ளா வண்டிக்காரர் ஒருவருக்கு, அது செய்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன். வண்டியில் ஏறும்போது என் சட்டைப்பையை நோண்டியது. அன்றைக்கும் வெல்லம் வைத்திருந்தேன்.

அதனால் நான் சொல்வது: முதல் நாள் கண்ணை மூடாதீர்கள், அடுத்த இரண்டு வருஷம் கையை அடக்குங்கள். பாசம் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. குட்டியைத் தாயோடும், முடிந்தால் வேறொரு குட்டியோடும் விடுங்கள். அதற்கு மரியாதையைக் கற்றுக்கொடுக்கத் தாய் இருக்கிறாள். அவள் காதை மடக்கி ஒரு பார்வை பார்ப்பதில் குட்டி கற்றுக்கொள்வது, நாம் ஒரு வருஷம் கத்தினாலும் ஏறாது. உங்கள் பங்கு தினம் ஐந்து நிமிடம். முகக்கயிறு போட்டுக் கழற்றுவது. நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, கீழே விடுவது. ஒரு கையை நெஞ்சுக்கு முன்னும் ஒரு கையைப் பின்தொடைக்குப் பின்னும் கொடுத்து நாலடி நடத்துவது. கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது, பிஞ்சுக் கழுத்து பிசகிவிடும். ஐந்து நிமிடம் முடிந்ததும் வெளியே வந்து வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் குட்டி திடீரென்று வாலை நட்டுக்கொண்டு தாயைச் சுற்றி ஓடும், காரணமே கிடையாது. ஓடி, வழுக்கி, திரும்பி, அவள் வயிற்றில் மோதி நிற்கும். காசுக் கணக்கில் வராத வரவு இதுதான். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தால்தான் இதைப் பார்க்கக் கிடைக்கும்.

அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்பதை 2023 டிசம்பர் மழையில் பார்த்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த 17, 18 தேதி. எங்கள் பக்கமும் குளம் நிறைந்து, விடிவதற்குள் லாயத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தாயை நடத்தினால் குட்டி பின்னாலேயே வந்துவிடும் என்று மேட்டுக்குக் கூட்டிப்போனேன். பத்து மாதப் பெட்டைக்குட்டி, தாயிடமிருந்து பால் பிரித்து நாலு மாதமாகியும் இருவரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் அது வாசலிலேயே நின்றுவிட்டது. தாய் கனைக்கிறாள், திரும்பி வரப் பார்க்கிறாள். என் மகன் தண்ணீருக்குள் நின்று, சின்னதிலிருந்து செய்து பழகிய மாதிரி ஒரு கையை நெஞ்சில் கொடுத்து, ஒரு கையால் தொடையைத் தொட்டான். அவ்வளவுதான், நடந்தது. இழுக்கவில்லை, அடிக்கவில்லை. அன்றைக்கு அது முரண்டு பிடித்திருந்தால் இழுத்துச் செல்கிற வயதில் அது இல்லை.

பால் பிரிப்பது ஐந்தாம், ஆறாம் மாதம். இரண்டு மூன்று ராத்திரி தூங்க முடியாது. தாய் இந்தக் கொட்டகையிலிருந்து கூப்பிடும், குட்டி அந்தக் கொட்டகையிலிருந்து பதில் சொல்லும். குரல் கட்டிப்போகிறவரை விடாது. ஒரேயடியாகத் தனியே அடைக்காமல், நடுவில் வேலி வைத்து ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி விட்டால் சீக்கிரம் அடங்குகிறது. மூன்றாம் ராத்திரி சத்தம் நின்றதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைப்போம். என் மனைவி அன்றைக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

உங்களுக்கு இப்போது இருப்பது இரண்டு மாதம். இந்த வாரம் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தவிட்டைக் குறையுங்கள், டெட்டனஸ் ஊசிக்கு நாள் குறியுங்கள். லாயத்தின் ஒரு மூலையைக் காலியாக்கி, பத்துக்குப் பத்து அடி இருந்தால் பதினைந்தாக்கி, உலர்ந்த வைக்கோல் சேர்த்து வையுங்கள். ஒரு பையில் மழுங்கிய நுனிக் கத்தரி, தெர்மாமீட்டர், தொப்புள் மருந்து, பழைய வேட்டி நாலு, டார்ச் லைட், நேரம் எழுத ஒரு பேனா. கத்தரியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தேடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். காம்பில் மெழுகு தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொட்ட ஆரம்பித்தால் ராத்திரி எந்நேரமானாலும் சொல்லுங்கள்.